விசைப்படகில் ஒருவருக்கு டிபி: கூடத் தொழில் பார்க்கும் நாலு பேரும் என்ன செய்யணும்?

கரைவலை (இழையைத் தொடங்கியவர்)

மண்டபம் வடக்குக் கரையில் தொழில் பார்க்கிற ஒரு விசைப்படகு. ஐந்து பேர் போவார்கள். அதில் ஒருவருக்குச் சளி டெஸ்டில் டிபி உறுதியாகிவிட்டது. டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை என்று ரிப்போர்ட். எடை 47 கிலோ. மாத்திரை ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. டோக்கன் வாங்கிக் காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை. ராத்திரி வலை இழுத்த நேரம் போக மற்ற நேரம் எல்லோரும் ஒரே கேபினில்தான் முடங்குவார்கள்.

ஓனர் தரப்பில் "ஆறு மாசத்துக்கு வரவேண்டாம்" என்கிறார்கள். வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக்கிவிட்டார்கள். மற்ற நாலு பேரும் "எங்களுக்கு இருமல் இல்லையே" என்று டெஸ்டுக்குப் போகவில்லை. மூன்றுக்கும் விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

நெஞ்சகச் செவிலி

ஆறு மாதம் வேலையை விட்டு நிறுத்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படுகிற டிபி என்றால், சரியான அளவில் மாத்திரை உள்ளே போகத் தொடங்கியதும் தொற்றும் தன்மை வேகமாகக் குறையும். முதல் இரண்டு வாரம் வீட்டில், காற்றோட்டமான இடத்தில், வாயையும் மூக்கையும் மூடி இருக்கட்டும். அதன்பின் இருமல் குறைந்து, காய்ச்சல் விட்டு, உடம்பில் தெம்பு வந்திருந்தால், மருத்துவ அலுவலரைக் கேட்டுவிட்டுத் தொழிலுக்குப் போகலாம். 47 கிலோ ஆள் இரண்டு வாரத்தில் மடி வலை இழுக்கும் அளவுக்குத் தெம்பாகிவிடுவாரா என்பதுதான் உண்மையான கேள்வி. கூடுதலாக ஒரு மாதம் ஓய்வு தேவைப்பட்டால் அது அவர் உடம்புக்காக. மற்றவர்களுக்கு ஒட்டிவிடும் என்பதற்காக அல்ல.

தட்டு, டம்ளர் விஷயத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இது எச்சிலில் பரவுகிற நோய் இல்லை. இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுத்தால்தான் தொற்று. தனித் தட்டு வைத்துவிட்டு ஜன்னலை மூடிவைத்தால், வேண்டாத இடத்தில் காவல் போட்டுவிட்டு வாசலைத் திறந்துவைத்த மாதிரி.

மாத்திரை அளவைச் சரிபாருங்கள். அரசு தருகிற கூட்டு மாத்திரையில் எடைதான் கணக்கு: 25 முதல் 34 கிலோ வரை 2 மாத்திரை, 35–49க்கு 3, 50–64க்கு 4, 65–75க்கு 5, அதற்கு மேல் 6. இவருக்கு 3. முதல் 56 நாள் நாலு மருந்து சேர்ந்த மாத்திரை, பிறகு 112 நாள் மூன்று மருந்து சேர்ந்தது. மொத்தம் 168 வேளை. எடையை மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள். 5 கிலோவுக்கு மேல் ஏறி அடுத்த பிரிவுக்குப் போனால் மாத்திரையும் கூடும். எடை ஏறியும் பழைய அளவிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

வாடைக்காற்று

கேபின் விஷயத்தை நான் சொல்கிறேன். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஆறடி உயரம் என்று வைத்தால் 288 கன அடி. அதில் ஐந்து பேர். உள்ளே இருக்கிற காற்று மணிக்கு 2 தடவை மாறினால், மிதக்கிற கிருமியில் 99 சதவீதம் போக 138 நிமிடம் ஆகும். 6 தடவை மாறினால் 46 நிமிடம். 12 தடவை என்றால் 23 நிமிடம். வாடைக் காலத்தில் சாரலுக்குப் பயந்து கதவை அடைத்துவிட்டுப் படுக்கிறார்களே, அதுதான் முதல் கணக்கு.

செலவில்லாத வழி: எதிரெதிர் பக்கத்தில் இரண்டு திறப்பு எப்போதும் திறந்திருக்கணும். ஒரு ஜன்னல் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து நிற்கும், ஓடாது. மழைக்குத் தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டு, திறப்பை அடைக்காதே. உள்ளே ஓடுகிற சின்ன ஃபேன் அதே காற்றைத்தான் கலக்கும். வெளியே தள்ளுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்து வை. சிகிச்சையில் இருப்பவர் மேல்தளத்தில், காற்று அடிக்கிற திசைக்குக் கீழ்ப்பக்கம் படுக்கட்டும். தெற்கிலிருந்து சோழகம் அடிக்கும்போது வடக்குப் பக்கம், வடகிழக்கு வாடைக்குத் தென்மேற்குப் பக்கம். படகு திரும்பினால் இடமும் மாறணும்.

வெயில் இந்தக் கிருமிக்கு எமன். பாய், போர்வையை மேல்தளத்தில் காயப் போடுங்கள். ஆனால் துணியால் பரவுவதில்லை, அது சுத்தத்துக்கு.

கரைவலை

நன்றி. மாஸ்க்? என்-95 வாங்கச் சொல்லவா?

நெஞ்சகச் செவிலி

நோயாளிக்குச் சாதாரண மூன்றடுக்கு மாஸ்க் போதும். அது துளி வெளியே வராமல் தடுக்க. என்-95 என்பது உள்ளே இழுக்கிறவருக்கு. வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அது வேண்டும். கடலில் உப்புத்தண்ணீர் பட்டு நனைந்த மாஸ்க் எதற்கும் உதவாது. காய்ந்தது மாற்றிக்கொள்ள இரண்டு வைத்திருக்கட்டும்.

சளி டப்பா

மற்ற நாலு பேர் பற்றி. "இருமல் இல்லை" என்பது பதிலே இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், கண்டுபிடித்த டிபியில் 42.6 சதவீதம் எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் விட்டுப்போயிருக்கும். எனவே நாலு பேருக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே முதலில். நிழல் இருந்தாலோ, இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இதில் ஒன்று இருந்தாலோ சளி டெஸ்ட்.

சளி கொடுப்பதில்தான் பாதி டெஸ்ட் தோற்கிறது. டப்பாவில் வருவது பெரும்பாலும் எச்சில். நுரையாக, தண்ணீராக இருந்தால் எச்சில். கெட்டியாக, மஞ்சளோ பச்சையோ கலந்து, டப்பாவைச் சாய்த்தால் மெதுவாக வழிந்தால் சளி. வெறும் தண்ணீரில் வாய் கொப்பளி. ஆழமாக மூச்சிழுத்து ஐந்து எண்ணும் வரை பிடி, விடு. இரண்டு முறை இப்படி. மூன்றாவது மூச்சில் வயிற்றிலிருந்து இருமு. குறைந்தது 2 மில்லி வேண்டும், டப்பாவின் அடி மறைந்து கொஞ்சம் மேலே நிற்கும் அளவு. திறந்த வெளியில், ஆள் இல்லாத பக்கமாக நின்று செய்யணும், கழிவறைக்குள் வேண்டாம். மூடி சாயாமல் இறுகியிருக்கணும். பெயரையும் எண்ணையும் டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால், திறந்து வைக்கும்போது மூடி மாறி ஆளும் மாறிவிடுவார்.

இரண்டு மாதிரி: ஒன்று போன இடத்திலேயே, இன்னொன்று மறுநாள் எழுந்தவுடன். காலைச் சளியில்தான் கிருமி அதிகம், ராத்திரி முழுக்கச் சேர்ந்தது.

மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும். சிபி-நாட் இயந்திரத்துக்குச் சுமார் 130 போதும், இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பும் தெரிந்துவிடும். கோவாவில் தயாராகிற ட்ரூநாட் பேட்டரியில் ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கலாம். அதில் எதிர்ப்பு பார்க்க இன்னொரு சிப் போடணும். "மைக்ராஸ்கோப்பில் இல்லை என்று வந்துவிட்டது" என்று நிம்மதியாகப் போகக்கூடாது. சிபி-நாட், ட்ரூநாட் மாதிரி மூலக்கூறு டெஸ்ட் கேட்டு வாங்குங்கள்.

கரிமூட்டம்

சாயல்குடி, கமுதி பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சீமைக்கருவேல மூட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் இருமுகிறார்கள். மூட்டத்தை மண்ணால் மூடி நாள்கணக்கில் புகையவிடும்போது அதில் கண் (துளை) வைக்கப் போகிறவருக்கும், பிரித்துக் கரி அள்ளுகிறவருக்கும் புகையும் தூளும் நேராக நெஞ்சுக்குள். பனைவெல்லம் காய்ச்சுகிற அடுப்படியும் அப்படித்தான். "புகை இருமல்" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் டிபி மறைந்து நிற்கிறது.

நேர்மாறாகவும் நடக்கிறது. ஒரு தடவை டிபி வந்து குணமானவருக்கு நுரையீரலில் தழும்பு நிற்கும். புகையில் வேலை செய்தால் இருமல் தொடரும். எக்ஸ்ரேயில் தழும்பைப் பார்த்து மறுபடி ஆறு மாத மாத்திரை. இது இரண்டு தடவை, மூன்று தடவை நடக்கும்.

சளி டப்பா

@கரிமூட்டம் ரொம்ப முக்கியமான விஷயம் அண்ணே. அதோடு இதையும் சேருங்கள்: சிபி-நாட் பார்ப்பது கிருமியின் மரபுப் பொருளை. செத்த கிருமியிலும் அது இருக்கும். முன்பு சிகிச்சை முடித்தவருக்கு "மிகக் குறைவு" என்று பாசிட்டிவ் வந்தால் அது பழைய எச்சமாக இருக்கலாம். அந்த நிலையில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர்தான் தீர்ப்பு. வளர ஆறு வாரம் வரை பிடிக்கும், காத்திருக்கணும். ஆனால் எடை இறங்கிக்கொண்டே போகிறவரைக் கல்ச்சர் வரும்வரை சும்மா விடக்கூடாது. அதை நெஞ்சக மருத்துவர்தான் நேரில் பார்த்து முடிவெடுக்கணும்.

கீழக்கரை மருந்தாளுநர்

மெடிக்கல் கடையிலிருந்து சில செய்தி.

இரண்டு வார இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்துங்கள். அந்த வகை மருந்து டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் விடும், குணமான மாதிரி இருக்கும். அந்த நேரம் சளி கொடுத்தால் நெகட்டிவ் வரலாம். மருந்து நின்றதும் நோய் திரும்பி வரும். வழக்கமான மருந்துக்கு அடங்காத முரடான டிபிக்கு வைத்திருக்கிற ஆயுதத்தையும் முன்கூட்டியே மழுங்கடித்துவிடுகிறோம்.

மாத்திரை போட்டால் நெஞ்செரிகிறது என்று கூடவே ஜெலுசில் குடிப்பவர்கள் உண்டு. அலுமினியம் உள்ள அமில முறிவு மருந்து, டிபி மாத்திரையில் உள்ள ஐசோநியசிட்டை உடம்பு இழுக்கவிடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் கவனிக்கணும். ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும். சிகிச்சை முடியும்வரை வேறு வழி பார்க்கணும். இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் சர்க்கரை அதிகம். சர்க்கரை உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. டிபி உறுதியான ஒவ்வொருவருக்கும் சர்க்கரையும் ஹெச்ஐவியும் பார்க்கணும். வளைகுடா வேலைக்கான மெடிக்கல் டெஸ்டுக்குப் பயந்து நோயை மறைப்பது கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி எல்லா இடத்திலும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் பழைய தழும்பு இருந்தாலும் "அன்ஃபிட்" வரலாம் என்பது உண்மைதான். ஆனால் மறைத்து ஆறு மாதம் தள்ளினால் தழும்புதான் பெரிதாகும். சீக்கிரம் பிடித்தால் நுரையீரல் கெடுவது குறையும்.

வாடைக்காற்று

மருந்தாளுநர் பாய் சொன்னதோடு மீன் சாப்பாடு பற்றி ஒன்று கேட்கணும். டிபி மாத்திரை சாப்பிடும்போது சூரை ஆகாது என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. மூடநம்பிக்கையா?

கீழக்கரை மருந்தாளுநர்

இல்லை அண்ணே, உண்மை. சூரை, கானாங்கெளுத்தி, சாளை மாதிரி மீன்கள் ஐஸ் விட்டுப்போய் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். அதை உடம்பில் உடைக்கிற நொதியை ஐசோநியசிட் தடுத்துவிடும். சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து எரியும், தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. வேகவைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மாத்திரை அலர்ஜி என்று நினைத்துக் கோர்ஸையே நிறுத்திவிடுகிறார்கள்.

மீனை விடவேண்டாம். ஐஸில் நின்ற புது மீன் சாப்பிடுங்கள். சிகிச்சை முடியும்வரை சூரையை மட்டும் தள்ளிவைத்தால் நல்லது. மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நெஞ்சகச் செவிலி

மிக நல்ல குறிப்பு. பக்கவிளைவில் கடல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, கூட்டு மாத்திரையில் உள்ள எத்தாம்பியூட்டால் என்ற மருந்து. அது கண்ணைப் பாதிக்கலாம், முதலில் சிவப்பு, பச்சை வித்தியாசம் மங்கும். இந்தியாவில் இந்த மருந்து முழு ஆறு மாதமும் உண்டு. படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே வரும் படகின் விளக்கு நிறம் குழம்பினால், அல்லது நிறம் வெளுத்துத் தெரிந்தால், மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்காமல் கரை வந்த உடனே மருத்துவரிடம் சொல்லணும். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும். ஒவ்வொரு வாரமும் துறைமுகத்தில் நின்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கண் மாற்றி.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, ரிஃபாம்பிசின் நிறம் அது. ஆனால் கண் வெள்ளை மஞ்சளாகி, வாந்தியும் பசியின்மையும் சேர்ந்தால் ஈரல். அன்றைக்கே போகணும். குடிப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். கால் எரிச்சலுக்குப் பைரிடாக்சின் மாத்திரை கேளுங்கள், பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே தருவார்கள்.

கரைவலை

கடலுக்குப் போகும் நாளில் மாத்திரை எப்போது? வெறும் வயிற்றில் என்றால் சிரமம்.

நெஞ்சகச் செவிலி

காலையில் கிளம்பும் முன் ஒரே தடவையாக எல்லாம், அரை மணி கழித்து நீராகாரமோ இட்லியோ. வாந்தி வருகிறது என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். வெறும் வயிறு நல்லது, ஆனால் விட்டுவிடுவதைவிட சாப்பிட்டுப் போடுவது மேல். அட்டையைப் பிரித்து மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஈரத்தில் ரிஃபாம்பிசின் கெடும். அட்டையோடு அளவாக வெட்டி, இரண்டு நாளைக்கு உள்ளதை ஜிப் கவரில் வைத்து, இறுக மூடும் டப்பாவில் போடணும். எஞ்சின் அறைப் பக்கம் வைக்கக்கூடாது. படகு பழுதாகி ஒரு நாள் தங்க நேரலாம், அதற்குத்தான் இரண்டு நாள் கணக்கு.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது. வழக்கமான அளவு, கடைசியில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம். தொடர்ந்து ஒரு மாதம் விட்டால் "சிகிச்சையைக் கைவிட்டவர்" கணக்கில் போய், மறுபடி டெஸ்டிலிருந்து ஆரம்பிக்கணும். கேரளாவுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் அரசின் டிபி பதிவில் உள்ள தங்கள் நிக்‌ஷய் எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் அங்கேயே மாத்திரை வாங்கலாம். கிளம்பும் முன் இங்கே சொல்லிவிட்டால் பெயரை மாற்றிக் கொடுப்பார்கள்.

வாடைக்காற்று

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முதல் கட்ட மாத்திரை 56 நாள். இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. இரும ஆரம்பித்தவர்கள் தடைக்காலத்திலேயே டெஸ்ட் செய்துகொண்டால் கஷ்டமான இரண்டு மாதமும் கரையில் போய்விடும்.

சளி டப்பா

சரிதான், ஆனால் பிப்ரவரியில் இருமல் ஆரம்பித்தவர் "ஏப்ரலில் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில் அதே கேபின்.

பவளப்பாறை

சங்கு குளிக்கிறவர்களுக்கு ஒன்று. டிபியில் குழி விழுந்த நுரையீரலில் காற்று அடைபட்டு நிற்கும் பகுதிகள் இருக்கலாம். கம்ப்ரசர் காற்றை இழுத்துக்கொண்டு 10 மீட்டரில் வேலை செய்தால் அங்கே அழுத்தம் கரையைப் போல இரண்டு மடங்கு. மேலே வரும்போது அடைபட்ட காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியலாம். சிகிச்சை முடிந்தவராக இருந்தாலும் நெஞ்சக மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்று சொல்லாமல் கம்ப்ரசர் குளிப்பு வேண்டாம்.

பாசி எடுக்கப் போகும் பெண்களின் இருமலை "கடல்தண்ணி குடிச்சது" என்று தள்ளுவதும் நிற்கணும்.

சத்துக்கணக்கு

47 கிலோ என்றதும் உயரம் கேட்கணும் என்று தோன்றியது. டிபியில் சாகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் சாகிறார்கள், அதிலும் மெலிந்தவர்கள். 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதற்காகத்தான். யாரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கணும் என்று எளிய அளவு வைத்திருக்கிறது: உடல் நிறைக் குறியீடு 14 அல்லது கீழே, 16 அல்லது கீழே இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தால், நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு, ஆக்சிஜன் 94க்குக் கீழே, பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்து மாத்திரை போதாது. குறியீடு போட: எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கணும். 1.65 மீட்டர் ஆள் 47 கிலோ என்றால் 17.3. மெலிவுதான், உடனடி ஆபத்து இல்லை.

ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளி வீட்டாருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவு. இவருக்கு 5 சதவீதம் என்பது இரண்டரைக் கிலோ கூட இல்லை. தினம் இரண்டு முட்டை, ஒரு கை நிலக்கடலை, பருப்பு, புது மீன். விலை கூடின டானிக் பவுடர் எதுவும் வேண்டாம். நிக்‌ஷய் போஷண் என்ற சத்துணவு உதவித்தொகையில் 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். வங்கிப் புத்தகத்தில் பெயரும் ஆதாரில் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பணம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

கரிமூட்டம்

மற்ற நாலு பேருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே? எதற்கு எக்ஸ்ரே, டெஸ்ட் என்று இழுக்கணும்?

நெஞ்சகச் செவிலி

அது ஆபத்து, அண்ணே. தடுப்பு மாத்திரை என்பது ஒன்றோ இரண்டோ மருந்துதான். உள்ளே நோய் முற்றி இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். எக்ஸ்ரே, அறிகுறி எல்லாம் பார்த்து நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் தரணும். தொற்று உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத் தோல் ஊசி டெஸ்டோ ரத்த டெஸ்டோ உண்டு. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால், நோய் இல்லை என்று தெரிந்ததும் அந்த டெஸ்டுக்குக் காத்திருக்காமல் தொடங்கலாம்.

கடல்காரர்களுக்குப் பொருத்தமானது வாரம் ஒரு வேளை, 12 வாரம், மொத்தம் 12 வேளை. ஐசோநியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்தது. கரையில் இருக்கும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் கடலில் மாத்திரை தூக்க வேண்டியதே இல்லை. தினமும் கனமாகக் குடிப்பவர், மஞ்சள் காமாலை இருப்பவருக்கு இது கூடாது, மறைக்காமல் சொல்லணும். படகில் ஒன்றாகப் படுப்பவர்கள் வீட்டாருக்குச் சமமான தொடர்பு. பட்டியலில் வீட்டாரை மட்டும் எழுதினால் கேபின் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள், முடிவு மருத்துவ அலுவலருடையது. தொற்று ஏற்பட்டவர்களில் நோயாக மாறுவது முதல் இரண்டு வருஷத்தில்தான் அதிகம். மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த இரண்டு வருஷம் கவனமாக இருக்கணும்.

கரைவலை

நாலு பேரிடமும் பேசியாகிவிட்டது. படகு போகாத நாளில் எக்ஸ்ரேக்கு வர மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள். ஒருவருக்கு லேசான இருமல் உண்டு என்று இப்போதுதான் சொல்கிறார். ஓனரும் இரண்டு வாரம் கழித்து மருத்துவர் சொன்னால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். இருமல் உள்ளவரின் காலைச் சளியை மீன் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா? வெயில் கடுமையாக இருக்கிறது.

சளி டப்பா

மீன் ஐஸ் பெட்டியில் வேண்டவே வேண்டாம். தனியாக ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டி, உறைந்த ஐஸ் பேக் இரண்டு. டப்பாவை ஜிப் கவரில் போட்டு, கசிந்தால் உறிஞ்சப் பஞ்சு சுற்றி, இன்னொரு கவரில் போட்டு, நிமிர்ந்து நிற்கிற மாதிரி வைங்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் டப்பா மிதக்கக்கூடாது, எழுத்து அழிந்துவிடும். பென்சிலில் எழுதின சீட்டை டேப் போட்டு ஒட்டுங்கள். அன்றைக்கே கொடுத்துவிட்டால் சிக்கலே இல்லை. 35 டிகிரிக்குள் இருந்தால் சிபி-நாட்டுக்கு மூன்று நாள் வரை தாங்கும், ஆனால் நம் கரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்தால் 35ஐத் தாண்டிவிடும். டெஸ்டுக்கு முன்னால் அவர் எந்த ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டிருந்தால் அட்டையையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.